முதலை முட்டையைப் புரட்டலாமா?

கோழி அடைகாப்பதைப் பார்த்திருப்பீர்கள். முட்டைகளை அது அடிக்கடி அலகால் புரட்டிவிடும். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்டு கெட்டுவிடும். முதலை முட்டையிலோ கதை நேர்மாறு! இட்ட ஒரு நாளுக்குள் கரு முட்டையின் மேற்பக்கத்து உள்தோலில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டிய பின் முட்டையைத் தலைகீழாக்கினால் கரு மடிந்துவிடும். ஆகையால், குழியிலிருந்து முட்டைகளை எடுப்பவர்கள் முதலில் ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் பென்சிலால் கோடிட்டுக்கொள்வார்கள்.

இந்த வித்தையெல்லாம் எதற்கு? தோலுக்காக வேட்டையாடியதால் நம் ஆறு ஏரிகளில் முதலைகள் அருகிப்போயின. அவற்றைப் பெருக்கவே 1976-இல் ராமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் மாமல்லபுரத்துக்கு வடக்கே, வடநெம்மேலிக் கடற்கரையில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள்.

சதுப்புநில முதலை கோடைத் தொடக்கத்தில் மணலில் குழி தோண்டி, சுமார் 25 முதல் 30 முட்டைகள் இடும். இந்தப் பண்ணையில் பல முதலைகள் ஒரே பருவத்தில் இருமுறை முட்டையிட்டன. முட்டைகளை ஈர மணலில் வைத்து, ஏறத்தாழ இரண்டு மாதம் சூடு மாறாமல் காக்க வேண்டும். மணல் காய்ந்தால் முட்டையிலுள்ள நீர் வற்றும். வெள்ளம் கட்டினால் கரு மூச்சுத் திணறும்.

அந்தச் சூட்டில்தான் பெரிய வேடிக்கை இருக்கிறது. குட்டி ஆணா பெண்ணா என்பது நமக்குக் கருவுறும்போதே முடிவாகிவிடுகிறது. முதலைக்கு அதை முடிவு செய்வது மணலின் வெப்பம்! இப்பண்ணையில் நடந்து 1989-இல் வெளியான ஆய்வின்படி, 28 முதல் 31 டிகிரி சென்டிகிரேடு வரை அத்தனையும் பெண் குட்டிகள். 32.5 டிகிரியில் எல்லாம் ஆண். 33 டிகிரியில் மறுபடியும் இரண்டும் கலந்து பிறந்தன. சூடு கூடக்கூட ஆண்தான் கூடும் என்று நினைத்தீர்களா? ஏமாந்தீர்கள்! ஒன்றிரண்டு டிகிரிக்குள் ஒரு குழியின் குட்டிகள் முழுவதுமே மாறிவிடுகின்றன. பூமி சூடாகி வரும் இந்நாளில் இது யோசிக்க வேண்டிய சங்கதி.

பொரியும் நேரத்தில் குட்டிகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். காட்டில் தாய் அதைக் கேட்டு மணலைத் தோண்டி, குட்டிகளை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டுபோகும். பண்ணையில் அந்த வேலை மனிதருடையது.

ஆயிரக்கணக்கில் குட்டிகள் பொரிந்தன. பல, காட்டு நீர்நிலைகளில் விடப்பட்டன. 1990களில் அப்படி விடுவது நின்றது. பண்ணை நிரம்பிவிட்டது! ஒருகாலத்தில் ஒவ்வொரு முட்டையையும் பொரிக்கவைக்கப் பாடுபட்டவர்கள், பிறகு சதுப்புநில முதலையின் முட்டைகளைப் பொரியாமல் அகற்ற வேண்டியதாயிற்று.