மிஷனரி மனசு உடைஞ்சா யார் கேட்பது?

வெளிநாட்டுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கும் மனசு உடையும். செருப்பு தைத்துப் பிழைத்த இங்கிலாந்துக்காரர் வில்லியம் கேரி 1793-ல் வங்காளம் வந்தார். வரவே மாட்டேன் என்ற மனைவி டோரத்தியும் கடைசியில் கப்பல் ஏறினார். மறு வருஷமே 5 வயது மகன் பீட்டர் நோயில் செத்துப்போனான். டோரத்திக்குப் புத்தி பேதலித்தது. அறையில் அடைத்து வைத்தார்கள். 1807-ல் இறந்தார். பைபிளை மொழிபெயர்த்த கேரியைத்தான் ஊருக்குத் தெரியும். அந்தம்மா பாவம்!

இப்போது பல மிஷன் அமைப்புகள் அனுப்பும் முன்பே மனநிலையைப் பார்க்கின்றன. போன இடத்தில் ஆலோசகர் போனில் பேசுவார். லீவில் ஊர் திரும்பினால் உட்கார வைத்து, நடந்ததைக் கொட்டச் சொல்கிறார்கள். பேசியது மேலதிகாரி காதுக்குப் போகக்கூடாது, அதுதான் முக்கியம். போனால் வேலைக்கு உலை வைத்துவிடுமோ என்று யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மனைவி, பிள்ளைகளிடமும் தனியாகக் கேட்க வேண்டும்.