‘வேலை பார்த்தே பீஸ் கட்டிடலாம்!’
ஏஜெண்டு பேச்சை நம்பி ஆஸ்திரேலியா போகும் மாணவர்கள் பாதியில் கல்லூரி மாறுவது ஏன்?

“கவலையே படாதீங்க சார்! பையன் பார்ட் டைம் வேலை பார்த்தே பீஸ் கட்டிடுவான்.”

ஆஸ்திரேலியாவுக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள் பலர் சொல்லும் பேச்சு இது. நம்பி, அப்பா வீட்டுப் பத்திரத்தை பாங்கியில் வைக்கிறார். பையன் விமானம் ஏறுகிறான். போய் இறங்கிய பிறகுதான் கணக்கு உதைக்கிறது.

இதுதான் கணக்கு

கல்லூரி நடக்கும் காலத்தில் 2 வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2023 ஜூலையில் வந்த கட்டுப்பாடு இது. 2025 ஜூலையில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். வருடம் பூரா ஒரு வாரம் விடாமல் உழைத்தாலும் 31 ஆயிரம் டாலர் சொச்சம்தான்.

தங்க, சாப்பிட மட்டும் வருடத்துக்கு 29 ஆயிரத்து 710 டாலர் கையில் இருக்கவேண்டும் என்று அந்த நாட்டு அரசே 2024 மே மாதம் விதித்தது. அப்புறம் பீஸ் எங்கிருந்து வரும்?

ஓட்டம்

பையன் என்ன செய்வான்? பீஸ் குறைந்த தனியார் பயிற்சிக் கல்லூரிக்குத் தாவுகிறான். முதல் 6 மாதம் கல்லூரி மாற அனுமதி வேண்டும் என்பது சட்டம். அதில் ஒரு சந்து இருந்தது. பழைய இடத்தில் பெயர் இருக்கும்போதே இன்னொரு கல்லூரியிலும் சேர்ந்துவிடலாம். 2023-ன் முதல் 6 மாதத்தில் மட்டும் இப்படி 17 ஆயிரம் சேர்க்கை! அந்த ஆகஸ்டில் அரசு சந்தை அடைத்தது.

கதவை அடைத்தால் போதுமா? மாணவன் ஓடுவதற்குக் காரணம், வருமுன் கேட்ட பொய். ஆள் சேர்த்தால் ஏஜெண்டுக்குக் கல்லூரி கமிஷன் தருகிறது. நிஜத்தைச் சொன்னால் ஆள் நழுவிடுமே!

எழுத்தில் கேளுங்கள்

படிப்பு எத்தனை மாதம், மொத்த பீஸ் எவ்வளவு, வாழ்க்கைச் செலவு என்ன, விலகினால் பணம் திரும்புமா - இத்தனையையும் சேருமுன்பே கல்லூரி தெரிவிக்கவேண்டும் என்கிறது அந்த நாட்டின் 2018-ம் ஆண்டு விதி. ஏஜெண்டு அளந்துவிட்டாலும் கல்லூரிக்குப் பொறுப்பு உண்டு.

செலவை முன்கூட்டியே உடைத்துச் சொல்லும் கல்லூரிக்கு நாலு பேர் குறைவாக வரலாம். வருகிறவன் கணக்குப் போட்டுக்கொண்டு வருவான். முதல் பருவத்திலேயே மூட்டை கட்டமாட்டான்.

ஆகவே பெற்றோர்களே, ஏஜெண்டு சொல்லும் ஒவ்வொன்றையும் கல்லூரியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். “அதெல்லாம் எதுக்கு சார்?” என்று அவர் இழுத்தால் உஷார்! 2025 ஜூலையில் விசாக் கட்டணமே 2 ஆயிரம் டாலர் ஆகிவிட்டது. விசா கிடைக்காவிட்டால் அது திரும்ப வராது.