ஒரே வடிவில் இரண்டு லட்சம் படகுகள்

கோடையில் கடற்காற்று நடுப்பகல் வாக்கில் சென்னைத் துறைமுகத்தைத் தொடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மேற்கே வந்து சேர நேரமாகும், வலுவும் குறைந்துவிடும். அந்தக் காற்றை முதலில் வாங்கிக்கொள்பவர்கள் துறைமுகத்துப் பாய்மரப் படகோட்டிகள். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கேதான் இருக்கிறது.

பாய்மரப் படகுப் பந்தயத்தில் ஒரு காலத்தில் பணம்தான் ஜெயித்தது. செலவழித்து வேகமான படகு கட்டியவர் முந்தினார். 1887இல் டப்ளின் நகரத்தார் சிலர் அதற்கு முடிவு கட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே படகு என்றார்கள். ‘வாட்டர் வேக்’ பிறந்தது. ஒரு வகைப் படகு எல்லாமே நீளம், எடை, பாயின் பரப்பு என அனைத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டுக்கு ‘ஒன் டிசைன்’ என்று பெயர்.

இதில் பெரும் புகழ் பெற்றது லேசர். கனடாவின் புரூஸ் கிர்பி 1969இல் கிறுக்கிய ஒரு படத்திலிருந்து வந்தது. இப்போதைய பெயர் இல்கா. இதுவரை இரண்டு லட்சத்துக்கு மேல் செய்தாகிவிட்டது. நீளம் 4.23 மீட்டர், வெற்று உடலின் எடை 59 கிலோதான். ஓட்டுபவர் பல சமயம் படகைவிடக் கனமானவர்! காற்று படகைச் சாய்க்கும்போது, பாதங்களை ஒரு பட்டையில் மாட்டிக்கொண்டு, உடலைத் தண்ணீருக்கு மேலே வெளியே சாய்த்து அவர்தான் அதை நிமிர்த்துகிறார்.

லட்சக்கணக்கில் செய்தும் அளவு எப்படி மாறாமல் இருக்கிறது? அம்பத்தூர் தொழிற்பேட்டைக்காரர்களுக்கு விடை தெரியும். ஆயிரமாவது உதிரிபாகமும் முதலாவதைப் போலவே இருக்க வேண்டும். கேஜில் பொருந்தாதது ரிஜெக்ட். லேசர் படகையும் அங்கீகாரம் பெற்ற பட்டறைகள் மட்டுமே அச்சில் வார்க்கலாம். விதி அனுமதிக்காத எந்த மாற்றத்தையும் படகின் சொந்தக்காரரே செய்தாலும் தவறு.

அதே உடலில் மூன்று அளவுப் பாய்களைப் பொருத்தலாம்: சுமார் 7, 5.8, 4.7 சதுர மீட்டர். எடை குறைந்தவருக்குச் சிறிய பாய். சென்னையின் நேத்ரா குமணன் நடுத்தரப் பாயில் ஓட்டி, 2021இல் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் பெரிய பாயில் ஓட்டி, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார்.

படகு ஒன்றுதான் என்றால், வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பந்தயத்தின் முதல் பாதை பெரும்பாலும் காற்று வரும் திசையை நோக்கியே போகும். நேராகப் போக எந்தப் படகாலும் முடியாது. வளைந்த பாய் விமான இறக்கை போல விசை தரும். அதில் பெரும்பங்கு பக்கவாட்டில் தள்ளும். நீருக்குள் இறக்கிய டேகர்போர்டு என்னும் செங்குத்துப் பலகை அதைத் தடுக்க, மிஞ்சியது முன்னே செலுத்தும். இப்படி ஏறக்குறைய 45 பாகையில் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி ஏறுகிறார்கள். எப்போது திரும்புவது? தண்ணீர் கறுத்துச் சிலிர்க்கும் இடத்தில் காற்று பலமாக வருகிறது என்று பொருள். முன்னால் போகும் படகின் பாய் நம் காற்றைக் கெடுத்துவிடும். வினாடிக்கு வினாடி கணக்கு.

நடுவர் எல்லாப் படகையும் கண்காணிக்க முடியாது. வழிவிடும் விதியை மீறியவர், தவறை உணர்ந்ததும் தானே இரண்டு சுற்று சுற்றித் தண்டனையை முடித்துக்கொள்வதுதான் மரபு. ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது விதிநூலின் முதல் விதி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ‘ஃபின்’ வகைப் பந்தயத்தில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்த கனடாவின் லாரன்ஸ் லெமியூ, கவிழ்ந்த படகின் சிங்கப்பூர்க்காரர் இருவரைக் காப்பாற்றத் திரும்பினார். 22ஆவதாக வந்தவருக்கு நடுவர் குழு இரண்டாம் இடத்தையே திருப்பித் தந்தது.

சிறுவர்களுக்கான ஒன் டிசைன் படகு ‘ஆப்டிமிஸ்ட்’. 1947இல் அமெரிக்காவின் கிளார்க் மில்ஸ் வடிவமைத்தது, நீளம் 2.3 மீட்டர், பதினைந்து வயதுவரை ஓட்டலாம். ஆவடிப் பிள்ளை ஒன்று அதில் ஏறினால், எதிரே வரும் நார்வேப் பிள்ளையிடமும் அதைவிட நல்ல படகு இருக்காது.