வழித்துணை – 9: எல்லை தாண்டிய களவு

பாலக்காட்டுக் கணவாய் வழியாகவோ இடுக்கி மலைச்சாலைகள் வழியாகவோ கேரளத்துக்குள் போகும் தமிழ்ப் பயணியிடம் கைவைப்பவன் ஒரு கணக்குப் போட்டுத்தான் கைவைக்கிறான். பொருளை இழந்தவர் அந்த ஊரில் தங்கமாட்டார். பஸ்ஸையோ ரயிலையோ விட்டுவிட்டுப் புகார் கொடுக்கமாட்டார். கொடுத்தாலும் வழக்குக்காக இன்னொருமுறை மலையேறி வரமாட்டார். எல்லைப்புறத் திருட்டில் பூட்டும் சங்கிலியும் பாதி வேலையைத்தான் செய்யும். மீதி, இந்தக் கணக்கைப் பொய்யாக்குவதில் இருக்கிறது.

பாலக்காட்டுப் பக்கம் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம். இடுக்கிப் பக்கம் சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. இவையே முக்கிய நுழைவாயில்கள். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போய்விட்டன. மதுவிலக்கு, வனத்துறை போன்ற சில சோதனைகள் நீடிக்கின்றன. சொந்தக் காரில் போகிறவர் பல நேரம் வேகம் குறைக்காமலே மாநிலம் மாறிவிடுகிறார். பாஸ்போர்ட் கேட்காத எல்லைதான். ஆனால் காவல் நிலையம், நீதிமன்றம், எழுத்து எல்லாம் அந்தக் கோட்டில் மாறிவிடுகின்றன.

பாலக்காட்டுப் பக்கம் ரயிலிலிருந்து தொடங்குவதே முறை. சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் கேரள ரயில்கள் பல கோவையைக் கடந்து பாலக்காடு ஜங்ஷனைத் தொடுவது விடியலை ஒட்டிய நேரத்தில். பயணிகளின் தூக்கம் மிக ஆழமாக இருக்கும் நேரம் அது. இறங்குகிறவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பதால், யார் பெட்டியை யார் எடுக்கிறார்கள் என்று எவரும் கவனிப்பதில்லை. வாளையார்க் காட்டுப் பகுதியில் யானைகள் தண்டவாளத்தைக் கடப்பதால் இரவு ரயில்களுக்கு வேகக் கட்டுப்பாடு உண்டு. யானைக்கு நல்லதுதான். ஆனால் மெதுவாகப் போகும் ரயிலின் படியில் நின்று போன் பேசுவது எந்த ஊரிலும் ஆபத்து. தண்டவாளத்தோரம் நிற்பவன் கம்பால் கையைத் தட்டி, கீழே விழும் போனைப் பொறுக்கிக்கொள்வது இந்திய ரயில் பாதைகள் எங்கும் தெரிந்த உத்தி. போனை எட்டிப் பிடிக்கப்போய் ஆளே விழுந்துவிடுவதும் உண்டு.

படுக்கைப் பெட்டியில் செய்ய வேண்டியது அதிகமில்லை. லோயர் பெர்த்துக்கு அடியில் இருக்கும் வளையத்தில் சங்கிலி போட்டுப் பெட்டியைப் பூட்டுவது. சார்ஜில் போட்ட போனை அங்கேயே விட்டுத் தூங்காமல் இருப்பது. பணம், நகை, அடையாள அட்டை மூன்றையும் ஒரே பையில் வைக்காமல் இருப்பது. ஜன்னலோரம் கழுத்தில் தடித்த சங்கிலியோடு சாய்ந்து தூங்குவதைப் பற்றி நம் வீட்டுப் பாட்டிமார்கள் சொல்லாதது எதையும் புதிதாகச் சொல்வதற்கில்லை.

பலருக்குத் தெரியாத செய்தி வேறொன்று. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி, பதிவு செய்து ரசீது பெறாத, பயணி தன் பொறுப்பில் கொண்டுபோகும் சாமான் காணாமல்போனால், ரயில்வே ஊழியரின் அலட்சியமோ தவறோ நிரூபிக்கப்பட்டால் ஒழிய ரயில்வே பொறுப்பேற்காது. இடுப்புப் பட்டையில் ஒரு லட்சம் ரூபாயைக் கட்டிக்கொண்டு பயணம் செய்து பறிகொடுத்த ஒருவருக்கு நுகர்வோர் மன்றங்கள் இழப்பீடு கொடுக்கச் சொன்னதை, 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. அந்தத் திருட்டைச் சேவைக் குறைபாடாகக் கருத முடியாது என்பது தீர்ப்பு. ஆகவே ரயிலில் பணம் போனால் அதை மீட்கும் வழி போலீஸ் வழிதான். ஓடும் ரயிலிலேயே டிக்கெட் பரிசோதகரிடமோ ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) காவலரிடமோ புகார் எழுதிக் கொடுக்கலாம். ரயில்வேயின் 139 என்ற உதவி எண்ணிலும் சொல்லலாம். அதற்காகப் பயணத்தை நிறுத்தி நடுவழியில் இறங்க வேண்டியதில்லை. எந்த நிலையம் தாண்டியபின் பை இருந்தது, எந்த நிலையம் வரும்போது இல்லை என்று குறித்துச் சொல்வது விசாரணைக்குப் பெரிய உதவி.

சாலைக்கு வந்தால் கதை பழையது. சேர மன்னர் சேரமான் பெருமாளிடம் பரிசுப் பொருள்கள் பெற்றுக்கொண்டு கொடுங்கோளூரிலிருந்து திருவாரூருக்குத் திரும்பிய சுந்தரர், கொங்கு நாட்டுத் திருமுருகன்பூண்டியில் வேடர்களிடம் அத்தனையையும் பறிகொடுத்தார் என்கிறது பெரியபுராணம். வேடர் வேடத்தில் வந்தவை சிவகணங்கள் என்பதால் பதிகம் பாடியதும் பொருள் திரும்பிவிட்டது. இப்போதைய வழிப்பறிக்காரர்கள் பதிகத்துக்கு இரங்குவதில்லை. ஆனால் முறை பெரிதாக மாறவில்லை. இன்ன ஆள் இன்ன பொருளோடு வருகிறார் என்ற துப்பு முதலில் கிடைக்கிறது. பிறகுதான் வழிமறிப்பு.

சேலம் – கொச்சி தேசிய நெடுஞ்சாலையில் சமீப ஆண்டுகளில் நடந்தவை இதைக் காட்டும். 2021 ஏப்ரல் 3 அன்று திருச்சூர் மாவட்டம் கொடகரையில் ஒரு காரை மறித்துப் பணம் பறித்தார்கள். புகாரில் சொன்ன தொகை 25 லட்சம். விசாரணையில் தெரிந்தது மூன்றரைக் கோடி. 2024 ஜூனில் வாளையாருக்கு இப்பால், கோவை மதுக்கரை அருகே, கார்களில் வந்த முகமூடிக் கும்பல் கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு காரை மறித்து அடித்து நொறுக்கியது. ஓட்டியவர் நிறுத்தாமல் வண்டியைக் கிளப்பித் தப்பினார். காரின் டேஷ் கேமரா பதிவு நாடு முழுக்கப் பரவியது. கைதானவர்களில் ஒருவர் ராணுவ வீரர். அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சூர் மாவட்டம் குதிரான் அருகே, கோவையிலிருந்து திருச்சூருக்கு நகை கொண்டுபோன காரை மூன்று கார்கள் சூழ்ந்து இரண்டரைக் கிலோ தங்கத்தைப் பறித்தன.

இந்தக் கும்பல்கள் தேடுவது ஹவாலாப் பணத்தையும் தங்கத்தையும்தான். குருவாயூருக்குப் போகும் குடும்பத்தை அல்ல. இருந்தாலும் ஆள் மாறிப்போகலாம். பின்னால் வந்து லேசாக இடித்துவிட்டு, இறங்கிப் பேசலாம் வாருங்கள் என்று கூப்பிடுவது வழக்கமான முதல் படி. ஆளில்லாத இடத்தில் இப்படி நடந்தால் இறங்க வேண்டாம். கதவைப் பூட்டியபடி அடுத்த பெட்ரோல் பங்க் வரையோ, பாம்பாம்பள்ளம் அல்லது பன்னியங்கரை டோல்கேட் வரையோ ஓட்டிப்போய் நிறுத்தி 112 என்ற அவசர எண்ணுக்கு அழைக்கலாம். அங்கே விளக்கும் கேமராவும் ஆளும் உண்டு. உண்மையிலேயே விபத்தாக இருந்தால் எதிராளியும் அங்கு வருவார். இரவு நெடுஞ்சாலை தனி ஆபத்து என்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. குற்றங்களுக்குத் தண்டனை வகுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 309ஆம் பிரிவில் கொள்ளைக்குப் பத்தாண்டு வரை சிறை. அதுவே சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்தால் பதினான்கு ஆண்டு வரை.

இடுக்கியில் ரயிலே இல்லை. 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை ரயில் வந்துவிட்டது. அதற்கு மேல் பஸ், ஜீப், கார்தான். கொண்டை ஊசி வளைவுகளில் கார்களை மறித்துக் கொள்ளையடிப்பதைவிட, நிறுத்திய காரின் கண்ணாடியை உடைப்பது எளிது. காட்சிமுனையில் குடும்பமே இறங்கிப் பத்து நிமிடம் பனியைப் பார்க்கும்; பின்சீட்டில் லேப்டாப் பை தெரியும். பையை டிக்கிக்குள் வைப்பது நல்லது, அதையும் வந்து நின்ற இடத்தில் எல்லார் கண்ணெதிரே செய்யாமல், கிளம்பும் இடத்திலேயே செய்துவிடுவது இன்னும் நல்லது. குரங்குகளும் பை, கண்ணாடி, போன் எல்லாவற்றையும் பறிக்கும். அவற்றின் மேல் எந்தச் சட்டப் பிரிவும் பாயாது.

மூணாறுக்கு வரும் சுற்றுலாப் பயணி பணத்தை இழக்கும் இன்னொரு இடம், வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே வந்துவிடுகிறது. இல்லாத ஹோம்ஸ்டேக்கு இணையத்தில் படம் போட்டு முன்பணம் வாங்கிக்கொள்வது சாலைத் திருட்டு அல்ல என்றாலும், விளைவு ஒன்றுதான். பணம் போனது தெரிந்த உடனே இணைய மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தால், அது அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பிருக்கிறது. மறுநாள் அழைத்தால் அந்த வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடும்.

மலையில் அதிகப் பணத்தோடு பயணம் செய்கிறவர்கள் ஏலக்காய்க்காரர்கள். மின்னணு ஏலம் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் போடியிலும் மாறிமாறி நடக்கிறது. ஆகவே காயும் பணமும் போடிமெட்டு, கம்பம்மெட்டுச் சாலைகளில் ஓயாமல் ஏறி இறங்குகின்றன. 2019 ஆகஸ்ட் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையில் 50 கிலோ மூட்டை ஒன்று மூன்றரை லட்சம். விலை ஏறும் ஆண்டுகளில் செடியிலிருந்தே பச்சைக்காயைச் சரத்தோடு அறுத்துக்கொண்டு போகும் திருட்டும் கூடுகிறது. வியாபாரிக்கு உள்ள பாதுகாப்பு, வங்கிக் கணக்கு வழியாகப் பணம் வாங்குவதும், எந்த நாளில் எந்த வண்டியில் சரக்கு போகிறது என்பதை டீக்கடையில் பேசாமல் இருப்பதும். தேனி மாவட்டத்திலிருந்து தினமும் ஜீப்பில் ஏறித் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்தத் தொகைகள் கனவு. ஆனால் சம்பள நாளில் அவர்கள் முந்தானையில் முடிந்துவரும் ஒரு வாரக் கூலி போனால், அந்த வாரம் அடுப்பு எரியாது. ஏலக்காய்த் திருட்டுக்குச் செய்தித்தாளில் இடம் கிடைக்கும் அளவுக்கு இதற்குக் கிடைப்பதில்லை.

கார்த்திகை பிறந்தால் குமுளிச் சாலை ஐயப்ப பக்தர்களுடையது. கூட்டத்தில் பிக்பாக்கெட் அடிப்பதற்குச் சபரிமலை போல் வசதியான இடம் குறைவு. இருமுடியைத் தாங்கி இரு கையும் தலைக்கு மேல் இருக்கும்போது, இடுப்பிலும் தோள்பையிலும் இருப்பதைக் காக்கக் கை மிச்சமில்லை. நடந்து களைத்தவர்கள் விரித்துப் படுத்துத் தூங்கும் இடங்களிலும் பைகள் போகின்றன. கறுப்பு வேட்டியும் மாலையும் திருடனுக்கும் எளிதில் கிடைக்கும் உடை. குழுவின் பணத்தை ஒரே சாமியிடம் கொடுத்து வைப்பது பழக்கம். இரண்டு மூன்று பேரிடம் பிரித்து வைப்பது புத்திசாலித்தனம். குருசாமியின் எண்ணையும் வண்டி எண்ணையும் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவரும் வைத்துக்கொண்டால், போனைப் பறிகொடுத்தவர் கூட்டத்தில் தொலையாமல் இருப்பார்.

பொருள் போனபின் செய்ய வேண்டியதில்தான் எல்லை குறுக்கே வருகிறது. அதைத் தாண்டும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று சொல்வது இதைத்தான். பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் பறிபோன சங்கிலிக்குக் கோவையில் புகார் கொடுத்தால், அதைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது போலீஸின் பொறுப்பு. மின்னணு வழியிலும் புகார் தரலாம். மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் உரிமை. மாநிலங்களுக்கிடையே தகவல் இப்போது வேகமாகவே போகிறது. 2024 செப்டம்பர் 27 அதிகாலை திருச்சூரில் மூன்று ஏ.டி.எம்.களை உடைத்த கும்பல், காரைக் கன்டெய்னர் லாரிக்குள் ஏற்றி மறைத்துக்கொண்டு தமிழகத்துக்குள் வந்தும், அன்றே நாமக்கல் மாவட்டத்தில் பிடிபட்டது.

மொழியும் தடையாக வேண்டியதில்லை. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் வட்டாரங்களில் தமிழ் தெரியாத காவல் நிலையம் அரிது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதலாம் என்கிறது.

போன் போயிருந்தால் அதன் ஐ.எம்.இ.ஐ. எண் தேவை. *#06# அழுத்தினால் திரையில் வரும் அந்த எண்ணை, போன் கையில் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்தால் அந்தக் கருவி இந்திய நெட்வொர்க்குகளில் முடக்கப்படும். யாராவது வேறு சிம் போட்டால் தடம் தெரியும். வங்கிக்குச் சொல்லி அட்டையையும் யு.பி.ஐ.யையும் நிறுத்துவது இதற்கும் முந்திய வேலை.

பொருள் கிடைத்துவிட்டால், அது நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கும். வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும், அதுவரை நகை அலமாரியில் கிடக்கும் என்று பயந்தே பலர் புகாரைத் தவிர்க்கிறார்கள். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு இதற்குக் கெடு வைத்திருக்கிறது. பொருள் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்ட பதினான்கு நாளுக்குள் அதன் விவர அறிக்கை தயாராக வேண்டும். புகைப்படமோ வீடியோவோ எடுக்க வேண்டும். அறிக்கைக்குப் பின் முப்பது நாளுக்குள் பொருளை என்ன செய்வது என்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். விசாரணையில் அந்தப் படமே சாட்சியமாகும். உரியவர் தன்னுடையதுதான் என்று காட்ட, நகைக்கடை ரசீதும் அதை அணிந்து எடுத்த பழைய படமும் உதவும்.

(தொடரும்)