கொல்லையில் ஒரு பானைச் சூளை

பானை வனையப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் கவலை, அதை எங்கே சுடுவது என்பது. விறகும் வரட்டியும் அடுக்கித் திறந்தவெளியில் சுடலாம். ஆனால் காற்றடிக்கும் பக்கம் ஒரு வேக்காடு, மறுபக்கம் இன்னொரு வேக்காடு என்றாகிவிடும். கொல்லையில் இடமும், புகையைப் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கமும் இருந்தால், செங்கல்லால் சிறிய சூளை ஒன்றைக் கட்டிவிடலாம்.

சூளை கட்டுமுன் யோசிக்க வேண்டியது காற்றின் வழி. கீழே அடுப்பறை, அதன்மேல் இடைவெளி விட்டுச் செங்கல் பாவிய தளம், அதற்கு மேல் பானை அடுக்கும் அறை. சூடான காற்று லேசாகி மேலே ஏறும். அது காலி செய்த இடத்துக்கு அடுப்பு வாய் வழியே புதுக்காற்று தானாக இழுபடும். மேலே கூரை வேண்டாம். ஓட்டாஞ்சில்லுகளை நெருக்கி அடுக்கினால் போதும், இடுக்குகள் வழியே புகை போய்விடும். இடுக்கு குறைந்தால் தீ மூச்சுத்திணறும். கூடினால் சூடு தங்காது.

பானை அறை உள்ளளவில் இரண்டடிச் சதுரம், சுவர் ஒன்பது அங்குலம். இரண்டடி அகலத்துக்குச் செங்கல் எட்டாது. அதனால் அடுப்பறையின் நடுவே ஒரு குட்டைச் சுவரையும், ஓரங்களில் உள்ளே நீட்டிய செங்கல் வரிசையையும் வைத்து, அவற்றின்மேல் தளத்தைத் தாங்கவிட வேண்டும்.

சிமென்ட் கூடாது. அதற்குள் பிணைந்திருக்கும் நீர் சூட்டில் வெளியேறிவிட, பூச்சு உதிர்ந்துவிடும். மணல் கலந்த களிமண்ணே சரியான சாந்து. சுமார் 900 டிகிரி செல்சியஸில் வேகும் மண்பாண்டத்துக்குச் சாதாரணச் செங்கல் தாங்கும். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, ஸ்டோன்வேருக்குப் பேர்பெற்றது. அதற்கு 1,200 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டுக்குத் தீச்செங்கல் இல்லாமல் முடியாது.

சுடும்போது அவசரம் ஆகாது. 100 டிகிரியைத் தாண்டும்வரை சிறு தீதான். மண்ணில் மிஞ்சிய ஈரம் சட்டென ஆவியானால் பானை வெடிக்கும். மேல் இடுக்கருகே ஒரு கண்ணாடித் துண்டைச் சற்று நேரம் பிடித்துப் பாருங்கள்: பனித்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும். அங்கும் நிதானம் தேவை. அதன்பின் விறகைத் தாராளமாகத் தள்ளலாம். பார்வைத் துளை வழியே மங்கிய சிவப்பு, செக்கச்சிவப்பு, ஆரஞ்சு என்று பானைகளின் நிறம் ஏறும். ஆரஞ்சு வந்தால் ஏறத்தாழ 900. அப்போது வாயை அடைத்துவிட்டு, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை திறக்காமலிருக்க வேண்டும்.

பிரித்து எடுக்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். காற்றுப் பட்ட இடத்தில் மண்ணின் இரும்புச்சத்து சிவக்கும். காற்றில்லாமல் புகை சூழ்ந்த இடம் கறுக்கும். ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளில் அந்தக் காலத்துக் குயவர்கள் இதை வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். நாம் கேட்காமலே ஒரு மூலைப் பானைகள் மட்டும் கறுத்திருந்தால், அங்கே தளத்தின் இடைவெளி போதவில்லை. மண்சாந்துச் சூளை என்பதால், அந்த மூலையின் செங்கற்களை மட்டும் பெயர்த்துச் சற்று விலக்கி வைத்தால் அடுத்த சூட்டுக்குச் சரியாகிவிடும்.