பணம் தருபவர் யார் என்பதையும் பாருங்கள்

அந்த மின்னஞ்சல் வந்த இரவு, நானும் என் கூட்டாளியும் தேக்காவில் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ‘உங்கள் நிறுவனத்தில் 200,000 வெள்ளி முதலீடு செய்ய விரும்புகிறோம்’ என்று அதில் எழுதியிருந்தது. கையைக் கழுவக்கூடத் தோன்றாமல் நான்கு முறை படித்தோம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் இருவரும், தேசிய சேவை முடித்த பிறகு ஒரு செயலியை உருவாக்கினோம். சிறிய உணவகங்கள் காய்கறி, மளிகைப் பொருள்களைச் சேர்ந்து மொத்த விலைக்கு வாங்க அது உதவும். அப்போது 14 கடைகள் அதைப் பயன்படுத்தின. வங்கிக் கணக்கில் மூன்று மாதச் செலவுக்குத்தான் பணம் இருந்தது.

மறுவாரம் ஒரு ஹோட்டல் காப்பிக் கடையில் சந்திப்பு நடந்தது. கோட்டு சூட்டு அணிந்த இருவர் வந்தார்கள். எங்கள் கணக்குகளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ‘எல்லாம் சரி. ஆவண ஆய்வுக் கட்டணமாக நீங்கள் 3,500 வெள்ளி கட்டினால் போதும்’ என்றார்கள். கூட்டாளி கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறந்தே விட்டான். நான் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன்.

முதலில் பதிவைப் பாருங்கள்

அன்று இரவு, நிறுவனங்களைப் பதிவு செய்யும் ‘அக்ரா’ ஆணையத்தின் ‘பிஸ்ஃபைல்’ தளத்தில் சில வெள்ளி செலுத்தி அவர்களுடைய நிறுவன விவரத்தை வாங்கிப் பார்த்தோம். பதிவாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. செலுத்தப்பட்ட மூலதனம் ஒரு வெள்ளி. சிங்கப்பூரில் ஒரு வெள்ளி மூலதனத்தில் நிறுவனம் தொடங்குவது சட்டப்படி தவறில்லை. ஆனால், 200,000 வெள்ளி தருவதாகச் சொல்பவரிடம் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டாமா? கேட்டோம். அதோடு அவர்களிடமிருந்து பதில் வருவது நின்றுவிட்டது.

முதலீட்டாளர் பணம் தருபவர். பணம் தருவதற்கு முன்பு உங்களிடமே பணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

நிதி நிர்வகிக்கும் நிறுவனம் என்று ஒருவர் சொன்னால், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையத்தளத்தில் உள்ள நிதி நிறுவனப் பட்டியலிலும் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலிலும் தேடலாம். இரண்டுமே இலவசம். சொந்தப் பணத்தைப் போடும் தனிநபர் முதலீட்டாளரின் பெயர் அங்கே இருக்காது. எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பதும் ஒருவருக்கு நற்சான்று ஆகிவிடாது. அதற்கு மேல் நாம்தான் விசாரிக்க வேண்டும்.

40 விழுக்காட்டின் விலை

இரண்டாவதாக வந்தவர் உண்மையான முதலீட்டாளர். எங்கள் பழைய விரிவுரையாளர் ஒருவர் அறிமுகப்படுத்தினார். 100,000 வெள்ளிக்கு 40 விழுக்காட்டுப் பங்கு கேட்டார். மூன்று மாதச் செலவுக்கு மட்டுமே பணம் வைத்திருப்பவனுக்கு அது பெரிய தொகை.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 100,000 வெள்ளி 40 விழுக்காடு என்றால், பணம் வந்த பிறகு மொத்த மதிப்பு 250,000 வெள்ளி. அதாவது, நாங்கள் இதுவரை உருவாக்கியதன் மதிப்பு 150,000 வெள்ளி. அதைக்கூட ஏற்கலாம். சிக்கல் அடுத்த சுற்றில் இருந்தது. அப்போது இன்னொருவருக்கு 20 விழுக்காடு கொடுத்தால், எங்கள் இருவரின் 60 விழுக்காடு 48 ஆகிவிடும். சொந்த நிறுவனத்திலேயே நாங்கள் சிறுபான்மைப் பங்குதாரர்கள். முதல் சுற்றிலேயே இவ்வளவு கொடுத்துவிட்ட நிறுவனத்தில் நுழைய அடுத்த முதலீட்டாளரும் தயங்குவார்.

தோற்றவரிடம் கேளுங்கள்

அவர் முன்பு முதலீடு செய்த நிறுவனங்களின் உரிமையாளர்களிடம் பேச அனுமதி கேட்டோம். இரண்டு பெயர்கள் கொடுத்தார். இருவரும் நன்றாக நடத்துபவர்கள், நல்லபடியாகவே பேசினார்கள். மூன்றாவது பெயரை நாங்களே தேடிக் கண்டுபிடித்தோம். அவருடைய நிறுவனம் மூடப்பட்டுவிட்டது.

“கடைசிப் பக்கங்களைப் படிச்சீங்களா?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். நிறுவனம் தோற்றால் முதலீட்டை நிறுவனரே திருப்பித் தர வேண்டும் என்று தனிப்பட்ட உத்தரவாதம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அவர் இன்னமும் மாதந்தோறும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து எங்கள் வரைவு ஒப்பந்தத்தைப் புரட்டினோம். பதினோராம் பக்கத்தில் அதே வாசகம் இருந்தது. லாபத்தில் பங்கு, நட்டத்தில் பங்கில்லை என்றால் அது முதலீடே இல்லை, கடன்.

எது வழக்கமான நிபந்தனை என்று தெரியாததால்தான் அது எங்கள் கண்ணில் படவில்லை. சிங்கப்பூர் சட்டக் கழகமும் துணிகர முதலீட்டாளர் சங்கமும் சேர்ந்து 2018ல் ‘விமா’ எனும் மாதிரி ஒப்பந்தங்களை வெளியிட்டன. அவற்றை இலவசமாகப் பதிவிறக்கலாம். நமக்கு வந்த வரைவை அவற்றின் பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்த இடத்தில் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும் என்பதாவது புரியும்.

அப்பாவின் பணம்

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா கவனித்திருக்கிறார். பேருந்து ஓட்டுநரான அவருக்கு அப்போது 56 வயது. “என் மசே நிதியிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம்பா. 40,000 வெள்ளி தர்றேன். வேற யாருக்குச் சேர்த்து வச்சிருக்கேன்?” என்றார்.

மற்றவர்களிடம் கேட்கவென்று நாங்கள் எழுதி வைத்திருந்த கேள்விகளில் முதலாவது: ‘இந்தப் பணம் முழுவதும் போனால் உங்களால் தாங்க முடியுமா?’ அதை அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதில் தெரிந்த கேள்வி. “வேணாம்பா” என்றேன். அவர் முகம் வாடியது. இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. இன்றும் அதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

சேமிப்பில் இருந்த 10,000 வெள்ளியைப் போட்டு, முதல்முறைத் தொழில்முனைவர்களுக்கான ‘ஸ்டார்ட்அப் எஸ்ஜி ஃபவுண்டர்’ மானியத்துக்கு விண்ணப்பித்தோம். 50,000 வெள்ளி கிடைத்தது. மானியத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் கடைகளின் எண்ணிக்கையை 60 ஆக்கிய பிறகுதான் மீண்டும் முதலீடு தேடினோம்.

இம்முறை வந்தவர் இருபது ஆண்டுகள் உணவு விநியோகத் தொழில் நடத்திய ஓர் அம்மையார். 60,000 வெள்ளிக்கு 12 விழுக்காடு. தனிப்பட்ட உத்தரவாதம் கேட்கவில்லை. அவர் முதலீடு செய்து மூடப்பட்ட ஒரு நிறுவனத்தின் உரிமையாளரிடமும் பேசினோம். “பணம் போச்சு, ஆனா இன்னைக்கும் தீபாவளிக்கு அவங்க வீட்டுக்குப் போறேன்” என்றார் அவர். எங்களுக்கு அதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை.

தொழில் தொடங்க நினைக்கும் இளையர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ‘முதலீட்டாளரை எங்கே பிடிப்பது?’ என்பதுதான். அறிமுகங்கள் கிடைத்துவிடும். பல்கலைக்கழகங்களும் தொழிற்கல்லூரிகளும் அதற்கு உதவுகின்றன. ஆனால் ஒருவரைப் பங்குதாரராக்கிவிட்டால் எளிதில் விலக்க முடியாது. கையெழுத்திடும் முன் அவரைப் பற்றி மூன்று பேரிடமாவது விசாரியுங்கள். அதில் ஒருவராவது தோற்றவராக இருக்கட்டும்.