தந்தி ஓசை தெரிந்தால்தான் லைசென்சா?

அந்தமானில் தெற்குத் தீவுக்கும் நடுத் தீவுக்கும் இடையில் இருக்கிறது பாராடாங். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சாலை வழியே போகிறவர்கள் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, ஜாரவா காட்டுக்குள் வண்டி வரிசையில் சென்று, கடற்கால்வாயைப் படகில் கடக்க வேண்டும். ஆள் போய்ச் சேருவதே இப்படி என்றால், ஆபத்து வேளையில் சேதி எப்படிப் போகும்?

2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கேள்வி எழுந்தது. சுனாமி தாக்கி, தீவுகளில் மின்சாரமும் தொலைபேசியும் தடைப்பட்டன. பாராடாங்கின் சேற்று எரிமலையும் இரண்டு நாளில் பொங்கியது.

ஐதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவுடன் பாரதி பிரசாத் அந்த மாதம் போர்ட் பிளேரில் இருந்தார். உலக ஹாம் அன்பர்களுடன் பேச வந்தவர், அதே கருவியை நிவாரணத்துக்குத் திருப்பினார். 'நலமாக இருக்கிறார்' என்ற சேதிக்குத் தவித்த குடும்பங்களுக்கு, அது குரல் வழியே போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் மோர்ஸ் எதற்கு? கப்பல்களும் அரசு நிலையங்களும் ஒரு காலத்தில் 'கட்டு-கடா' ஓசையில்தான் பேசின. சிற்றலையில் இறங்கும் ஹாமுக்கு அது புரிய வேண்டும் என்பது அப்போது உலக விதியாக இருந்தது. 1978-ஆம் ஆண்டு இந்திய விதிகளில் இரண்டாம் நிலைக்கு நிமிடத்துக்கு 5 சொல்; முதல் நிலைக்கு 12. ஒரு சொல்லுக்கு 5 எழுத்துக் கணக்கு. மின்னியல் தெரிந்தும் காது பழகாமல் இங்கே இடறியவர்கள் உண்டு.

1999-ல் கப்பல்களின் ஆபத்து அழைப்பு செயற்கைக்கோள் முறைக்கு மாறியது. 2003-ல் ஜெனீவா மாநாடு, மோர்ஸ் தேர்வு வேண்டுமா என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டது. அமெரிக்கா 2007-ல் நீக்கியது. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டு விதிகள் நடுவழியில் நின்றன. பொது லைசென்சுக்கு 8 சொல், அதாவது நிமிடத்துக்கு 40 எழுத்து. வரையறுக்கப்பட்ட லைசென்சுக்கு மோர்ஸ் தேர்வு இல்லை. ஆனால் சக்தியில் கட்டுப்பாடு உண்டு.

மோர்ஸ் வீணான வித்தையல்ல. குரல் இரைச்சலில் மூழ்கும் நேரத்திலும், சிறிய பேட்டரியில் ஓடும் கருவியின் ஓசை தெளிவாகக் கேட்கும். அதற்காக அதை வாசற்பூட்டாக வைக்க வேண்டியதில்லை. முதலில் மோர்ஸ் தேர்வில்லாத லைசென்சு வாங்கலாம். பிறகு, புள்ளி கோடுகளைத் தாளில் நெட்டுருப் போடாமல், தினம் கால்மணி நேரம் காதால் பழகலாம்.

ஊரிலிருந்து ஒரு வரிச் சேதி வராதா என்று ஏங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதைக் கொண்டுவரும் கைகள் தீவுக்குத் தீவு பெருக வேண்டும்.